எல்டர்பியில் பிறந்த சின்னையா

1

இந்தக் கதை நான் சிரித்த ஒரு சிரிப்பில் தொடங்கியது. நல்ல சிரிப்பு இல்லை.

ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. வரிசைச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஏழாம் கவுண்டரில் ஒரு பெண்ணும், அவளைவிட மூத்த ஒருவரும் நின்றார்கள். அவர் பாதுகாவலர் சீருடையில் இருந்தார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த இளைஞர் ஒரு பழுப்பேறிய தாளைப் பார்த்தார், கைப்பேசியில் எதையோ தட்டினார், பிறகு மரியாதையாகவே மலாயில் சொன்னார்: "உங்கள் அப்பா பிறந்த இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கேதான் நீங்கள் விசாரிக்க வேண்டும்."

அந்தப் பெரியவரையும் இங்கிலாந்தையும் சேர்த்து நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"சிரிச்சி முடிச்சிட்டீங்களாக்கா? முடிச்சிட்டா இங்க வந்து இதுல என்னா எழுதியிருக்குன்னு படிச்சிச் சொல்லுங்க. எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதான்னு பாக்கணும்."

எழுந்துபோய்ப் படித்தேன். 'வீராசாமியின் மகன் சின்னையா, 14 மார்ச் 1931இல் எல்டர்பியில் பிறந்தவன்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. கீழே ஒரு வெள்ளைக்காரரின் கையெழுத்து. தாளின் மேற்பகுதியைக் கரையான் தின்றிருந்தது.

அவள் பெயர் புஷ்பலதா. அவர் அவளுடைய அண்ணன் உடையப்பன். நான் கதை எழுதுகிறவள் என்பது அவர்களுக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் தாளைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பனி மூடிய ரப்பர் மரங்களுக்கு நடுவே, 1931ஆம் ஆண்டின் ஒரு விடியற்காலையில், ஒரு குழந்தையின் அழுகுரல்—'

விட்டுவிட்டேன். அன்று பனி பெய்ததா, குழந்தை அழுததா, யாருக்கும் தெரியாது.

இரண்டாவது தொடக்கம், பத்திரிகை நடத்தும் ஒரு நண்பர் சொன்ன யோசனை. ஒரு வெள்ளைக்காரத் துரையைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிடு, அப்போதுதான் எல்டர்பி என்கிற இங்கிலாந்துக் கிராமத்துக்கும் இவர்களுக்கும் இரத்த உறவு வரும் என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. (இதை ஒத்துக்கொள்வதில் வெட்கம்தான்.) எழுதினேன்:

'புஷ்பலதாவின் கண்களில் வெயில் படும்போது மட்டும் ஒரு பச்சைச் சாயல் தெரியும். அது அவள் தாத்தா எட்கர் வின்ஸ்கில்லின்—'

மூன்று பக்கம் வந்தது. லதா வேலை செய்யும் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்துக் கடையில், அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்தாள்.

"இவரு இதுல யாருக்கா?"

"தோட்டத்துத் தொர. கதையில உங்க தாத்தா."

"எங்க தாத்தா பேரு வீராசாமி."

"கதைக்காகத்தான் லதா."

"கதைக்காக எங்க பாட்டி எதுக்குக்கா அவன் பங்களாவுக்குப் போவணும்? விடிகாலைல பெரட்டுக்குப் போயி பேர் குடுத்து, முந்நூறு மரம் சீவி, பால் தூக்கிட்டு வந்து, வீட்டுல ஆறு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவங்க. இங்கிலாந்து எங்களுக்கு ஒறவுன்னா, அது எங்க ஆளுங்க ஒழைச்ச ஒழைப்புல ஒறவு. வேற எதுலயும் வேணாம்."

மூன்று பக்கத்தையும் மடித்து என் கைப்பையில் திணித்துவிட்டு, மீதித் தோசையைச் சாப்பிட்டாள். அவள் கண்கள் கறுப்பு. எந்த வெயிலிலும் கறுப்பு.

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

புஷ்பலதாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. டாக்டர்மார் கிறுக்கி அனுப்பும் தாள்களைப் பார்த்து நோயாளிகளின் பெயர், வயது, பிறந்த இடம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. இருபத்தாறு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறாள். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது என்பது அவளுக்குத் தெரியும்.

உடையப்பனுக்கு ஐம்பத்தொன்பது. இருவரும் பிறந்தது பீடோருக்கு உள்ளே தள்ளி இருந்த எல்டர்பி தோட்டத்தில். லதா பிறந்த வாரம் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் இருந்தார், ஊர் பீடோர் என்று போட்டுப் பிறப்பைப் பதிந்தார். உடையப்பன் பிறந்த வாரம் அவர் லீவில் இருந்தார். திரும்பி வந்தபின் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். தங்கைக்கு நீல ஐசி, அதாவது நீல அடையாள அட்டை, குடியுரிமை. அண்ணனுக்குச் சிவப்பு அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை.

(வாசகருக்கு: சட்டம் இதைவிடச் சிக்கலானது. நான் படித்துப் பார்த்தேன். கதையில் அதை எழுதினால் நீங்கள் எழுந்துபோய்விடுவீர்கள். உடையப்பனால் எழுந்துபோக முடியவில்லை.)

தேர்தல் நாளில் அவர்தான் வண்டி ஓட்டுவார். மனைவி, பிள்ளைகள், லதா எல்லாரையும் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, மரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். அவர்கள் விரலில் மையோடு திரும்பி வருவார்கள். கடைசித் தேர்தலில் பேத்தி, "தாத்தாவுக்கு ஏன் மை இல்ல?" என்று கேட்டாள். "தாத்தா கைய களுவிட்டேன்" என்றார். மறுநாள் லதா புதிய மனுவுக்கான விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்தாள். இதற்கு முன் மூன்று மனுக்கள் போட்டு மூன்றும் திரும்பிவிட்டன.

அப்பா சின்னையா இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்டினால் இந்த முறை மனு நகரும் என்றார்கள். அப்பா செத்து முப்பத்தைந்து ஆண்டாகிறது. மிஞ்சியது மேனேஜர் எழுதிய அந்த ஒரு கடிதம். அதில் தோட்டம் என்ற சொல் இல்லை, பேராக் என்ற எங்கள் மாநிலப் பெயரும் இல்லை. அவையெல்லாம் கரையான் தின்ற பகுதியில் இருந்திருக்க வேண்டும்.

எல்டர்பி தோட்டம் எழுபதுகளில் கைமாறியது. பெயர் மாறியது. ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். செம்பனையை வெட்டித் தாமான் என்கிற குடியிருப்பு கட்டினார்கள். இப்போது அங்கே வரிசை வீடுகளும் ஒரு கார் கழுவும் கடையும் இருக்கின்றன. கைப்பேசியில் எல்டர்பி என்று போட்டால் உலகத்தில் ஒரே ஓர் எல்டர்பிதான் வரும். வட இங்கிலாந்தில் ஒரு கிராமம்.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை.

4

லதாவுக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு. இருபது நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு, மீதி நாற்பது நிமிடம் அவள் எல்டர்பியில் நடந்தாள்.

கணினி வரைபடத்தில் தெருவுக்குள் இறங்கி நடக்கும் வசதி இருக்கிறதே, அதில். ஒரே தெரு. முப்பத்தெட்டு வீடு. ஒரு தேவாலயம். ஒரு குளம், அதில் மூன்று வாத்துகள். எந்த நாள் போனாலும் அதே மூன்று வாத்துகள் அதே இடத்தில். நாயைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். அவர் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் எந்த வீட்டுக்கு என்ன நிறக் கதவு என்று அவளுக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கலா ஒரு மனுசனையும் காணோம்?"

"வீட்டுக்குள்ள இருப்பாங்கண்ணே."

"மரம் எங்க? லயத்து வீடெல்லாம் எங்க?"

"இங்க தோட்டம் இல்லண்ணே. தொரையோட ஊரு இது. அவன் ஊர்ப் பேர கொண்டாந்து நம்ம தோட்டத்துக்கு வச்சிட்டான்."

உடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேர அனுப்பி வச்சான். மத்ததெல்லாம் எடுத்துக்கிட்டான்" என்றார்.

(இந்த வாக்கியம் நான் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். நான் எழுதியிருந்தால் இதற்கு மூன்று வரி கூடுதலாகும்.)

ஐந்தாம் நாள், தெருவின் கோடியில் பச்சைக் கதவு போட்ட ஒரு மண்டபத்தைக் கண்டாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. பெரிதாக்கினால் எழுத்துகள் கரைந்தன. ஆனால் டாக்டர்மார் எழுத்தையே படித்துத் தேறியவள் அவள். இரண்டாம் வரியில் ஐந்து ஆங்கில எழுத்தில் ஒரு சொல். முதல் எழுத்து பி. கடைசி எழுத்து கே.

லதா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பக்கத்து மேசைப் பெண் என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லலா, எங்க தோட்டம்" என்றாள்.

அன்று மாலையே அந்தக் கிராமத்து ஊராட்சிக்கு மின்னஞ்சல் எழுதினாள். இரண்டு கேள்வி. 1931இல் உங்கள் ஊரில் சின்னையா என்று யாராவது பிறந்தாரா? அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

இரண்டு நாளில் பதில் வந்தது. எழுதியவர் ஜூடித் ஹாலம், வயது எழுபத்தொன்று, ஊர்ப் பதிவேடுகளைக் கவனித்துக்கொள்பவர். 1931இல் எல்டர்பியில் பிறந்தவை இரண்டே குழந்தைகள், இரண்டும் அவருக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள், சின்னையா என்று யாரும் இல்லை என்று எழுதியிருந்தார். கல்லைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார்:

'இம்மண்டபம் பேராக், எல்டர்பி தோட்டத்தின் உரிமையாளர் எட்கர் வின்ஸ்கில், தாம் பிறந்த ஊருக்கு அளித்த அன்பளிப்பு. 1926.'

பேராக்கில் ஒரு துண்டுக் காகிதத்திலும் இல்லாத தோட்டம், இங்கிலாந்தில் கல்லில் இருந்தது.

5

ஜூடித்தைக் கெட்டவளாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். கதைக்கு வசதி. 'ஜூடித் தன் மெல்லிய உதடுகளைச் சுழித்து—' என்று ஆரம்பித்தும் பார்த்தேன். அவர் எழுதிய மின்னஞ்சல்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முழங்கால் வலி பற்றி எழுதுகிறார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தையும் தபால் நிலையத்தையும் கடையையும் மூடிவிட்டார்கள், மிச்சம் இருப்பது மண்டபம்தான் என்கிறார். வாத்துகள் இப்போது ஐந்து என்று படம் அனுப்புகிறார்.

படம் போதாது, முத்திரை போட்டுக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்று லதா கேட்டாள். சின்னையா அங்கே பிறக்கவில்லை, எல்டர்பி தோட்டம் பேராக்கில் இருந்தது, இந்த இரண்டையும் ஊராட்சி எழுதித் தர வேண்டும். ஜூடித் சம்மதித்தார். செயற்குழுவில் வைத்துச் செய்கிறேன் என்றார். கூடவே ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு நூறு ஆண்டு நிறைவதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். தூரத்துச் சகோதர எல்டர்பியிலிருந்து அன்பும் நன்றியுமாக நூறு சொல் எழுதித் தர முடியுமா?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் சொன்னாள்.

"எழுதிக் குடுத்திரு" என்றார் அவர்.

"என்னான்னு?"

"நன்றின்னு. மண்டபம் நல்லா இருக்கு, வாத்து நல்லா இருக்குன்னு எழுது."

"எதுக்குண்ணே நன்றி?"

"ரெண்டு வரி எழுதினா ஒன் கை தேஞ்சிருமா? எனக்கு அந்தக் காயிதம் வேணும் லதா. நாப்பது வருசமா கவுண்டர் கவுண்டரா நிக்கிறேன். நீ நிக்கல."

அந்தக் கடைசி இரண்டு சொல் லதாவைக் குத்தியது. அவள் எழுந்து தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"நீ நின்ன எடத்துலல்லாம் கையக் கட்டிக்கிட்டு நின்ன. குடுத்தானுங்களா?"

உடையப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் காவல் காக்கும் அடுக்குமாடி வீடுகளில் அன்று அவர் யாருக்கும் வணக்கம் வைக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

(இந்த இடத்தில் நான் யார் பக்கம்? இரண்டு தடவை எழுதினேன். ஒன்றில் அண்ணன் சரி, மற்றதில் தங்கை சரி. இரண்டையும் படித்துவிட்டு லதா கேட்டாள்: "ஒங்களுக்கு நீல ஐசிதானேக்கா?" ஆமாம் என்றேன். "அப்பறம் ஒங்க பக்கம் எதுக்கு?" என்றாள்.)

6

அவள் எழுதி அனுப்பியது இதுதான். ஆங்கிலத்தில் எழுதினாள், தமிழாக்கினது நான், நான் மெருகேற்றிய இடங்களையெல்லாம் அவள் அடித்துவிட்டாள்.

'உங்கள் மண்டபத்தின் தரை நல்ல மரத்தால் ஆனது, இன்றும் அதில் நடனம் ஆடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் எல்டர்பியில் என் அப்பா படித்த பள்ளிக்கூடத்துக்கு மண்தரை. மழை பெய்தால் பிள்ளைகள் பெஞ்சின்மேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு படிப்பார்களாம். ஒரே அறை உள்ள வீட்டில் என் தாத்தா ஆறு பிள்ளைகளை வளர்த்தார். உங்கள் மண்டபத்தில் எத்தனை அறை என்று நான் பார்த்துவிட்டேன்.

கல்லில் அன்பளிப்பு என்று இருக்கிறது. அன்பளித்தவர் மரம் சீவவில்லை. சீவியவர்களின் பெயர் அங்கே இல்லை. கல்லை உடைக்க வேண்டாம். நன்றாகக் கழுவி வைத்திருங்கள். எங்கள் தோட்டத்தின் பெயர் அதில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

நன்றி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அன்பு வேறு விஷயம். ஜூடித் அம்மையாரின் முழங்கால் குணமாக வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். என் அண்ணனுக்குக் கடிதம் வேண்டும். அது உதவி இல்லை. உங்கள் சுவரில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத் தாளில் எழுதித் தருகிறீர்கள், அவ்வளவுதான்.'

அனுப்புவதற்கு முன் அவள் கை நின்றது. கடிதம் வராமல் போனால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பாள்? 'வணக்கத்துடனும் நன்றியுடனும்' என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'நன்றியுடனும்' என்பதை அழித்துவிட்டு அனுப்பினாள்.

7

பத்தொன்பது நாள் ஒன்றும் வரவில்லை.

உடையப்பன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே கேட்பதுபோல் இருந்தது. லதா மத்தியானங்களில் எல்டர்பிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்த நாய்க்காரரின் முகமில்லாத முகத்தைப் பார்க்க எரிச்சலாக இருந்தது என்றாள்.

(இங்கே ஒரு சண்டை, ஒரு சமாதானம், ஒரு மழை எல்லாம் வைத்திருந்தேன். நடக்கவில்லை. எடுத்துவிட்டேன்.)

இருபதாம் நாள் ஒரு நீளமான குழாய்ப் பொட்டலம் தபாலில் வந்தது. உள்ளே ஊராட்சி முத்திரையோடு கடிதம். கேட்ட இரண்டும் தெளிவாக எழுதியிருந்தது. கூடவே சுருட்டிய ஒரு பெரிய தாள்: ஜூடித் அந்தக் கல்லின்மேல் தாளை ஒட்டி, கறுப்பு மெழுகுக் குச்சியால் தேய்த்து, எழுத்துகள் அப்படியே பதியும்படி எடுத்திருந்தார். ஒரு சின்னக் குறிப்பும் இருந்தது.

'உங்கள் சொற்களை மலரில் சேர்ப்பதில்லை என்று குழு முடிவு செய்தது. வேண்டாம் என்று ஐந்து வாக்கு, சேர்க்கலாம் என்று மூன்று. நான் அந்த மூவரில் ஒருத்தி. கடிதம் தருவதா வேண்டாமா என்பதற்கு நான் வாக்கெடுப்பு வைக்கவில்லை. அது உண்மை, உண்மைக்கு வாக்கெடுப்பு தேவையில்லை. கல்லைக் கழுவிவிட்டேன்.'

உடையப்பன் அந்தத் தாளைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் தங்கையிடம், "நீ எழுதினத எனக்குப் படிச்சிக் காட்டு" என்றார். அவள் படித்தாள். "மண்தரைதான். நானும் அதுலதான் படிச்சேன். அத எழுதாம விட்டுட்ட" என்றார்.

அவர்கள் அச்சிடவில்லை. ஆகவே நான் அச்சிடுகிறேன். இந்தக் கதைக்கு வேறு காரணம் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறாம் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

8

மறு வாரம் மூவருமாக ஏழாம் கவுண்டருக்குப் போனோம். அதே இளைஞர்தான். லதா கடிதத்தை வைத்தாள். உடையப்பன் தாளை விரித்தார். அது கவுண்டரின் விளிம்பு தாண்டித் தொங்கியது. இளைஞர் எழுந்து நின்று, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பேராக் என்று வந்ததும் விரல் நின்றது.

"இந்தக் கல் எங்கே இருக்கிறது?" என்று மலாயில் கேட்டார்.

"நீங்க போன தடவ சொன்ன எடத்துலதான்" என்றாள் லதா, அதே மலாயில்.

அவர் உள்ளே போய் ஒரு மூத்த அதிகாரியை அழைத்து வந்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். தாள்களை நகலெடுத்தார்கள். மனுவின்மேல் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை விழுந்தது. பதில் வரும், காத்திருங்கள் என்றார்கள். உடையப்பன் இந்த முறை கைகளைக் கட்டவில்லை. இரண்டையும் கவுண்டரின்மேல் வைத்திருந்தார். "எந்த மாசம்னு எழுதிக் குடுங்க" என்றார். அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் மூத்த அதிகாரி ஒரு துண்டுச் சீட்டில் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். நாற்பது ஆண்டில் உடையப்பனுக்குக் கிடைத்த முதல் பெயர் அது.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) நீல அட்டை வருகிறது. அடுத்த தேர்தலில் உடையப்பன் விரலில் மையோடு மரத்தடிக்கு— லதா அடித்துவிட்டாள். "வராதத வந்ததா எழுதினா, படிக்கிறவங்க நிம்மதியாத் தூங்கிருவாங்க."

(ஆ) அட்டை வருவதற்கு முன் உடையப்பன்— இதை உடையப்பனே அடித்தார். சிரித்துக்கொண்டுதான் அடித்தார்.

(இ) இருவரும் இங்கிலாந்துக்குப் போய், பச்சைக் கதவுக்கு முன் ஜூடித்தோடு— "அங்க போயி என்னக்கா பண்றது? எல்லா வீட்டையும் பாத்தாச்சி" என்றாள் லதா.

பிறகு என்னதான் எழுதட்டும் என்று உடையப்பனைக் கேட்டேன். அப்போது அவர் வேலையில் இருந்தார். யாரோ ஒருவருடைய காருக்குத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு வந்தார்.

"ஒண்ணும் எழுதாதீங்க. முடிச்சிட்டாங்கன்னா ஃபைல மூடிருவாங்க. தொறந்தே இருக்கட்டும். நான் மாசா மாசம் போன் போடுறேன்ல."

லதா அண்ணனைவிடக் கறார். அந்த அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேலை செய்கிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறாள். எந்தத் தளம் என்றுகூட அவளுக்குத் தெரியும். கதை வெளியானதும் அந்தப் பக்கங்களை நகலெடுத்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பாளாம்.

ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதையின் முடிவு என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. ஐயா அல்லது அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும், அது உங்கள் மேசையில் இருக்கிறது. வீராசாமி மகன் சின்னையா, அவர் மகன் உடையப்பன். எடுத்து எழுதுங்கள்.